256 கட்டங்களை எத்தனை நிரல்கள் பகிர்ந்துகொள்ளலாம்?

14 அக்டோபர் 2023, குன்னூர் வாசகர் ஒருவர் எழுப்பியது

பழைய யூனிக்ஸ் பணிநிலையம் ஒன்றைச் சரிசெய்து ஓட வைத்திருக்கிறேன். திரை 8 பிட், அதாவது ஒரு நேரத்தில் 256 நிறங்கள் மட்டுமே. இரண்டு நிரல்களை அருகருகே திறந்தால், சுட்டி எந்தச் சாளரத்தின் மேல் நிற்கிறதோ அது மட்டும் ஒழுங்காகத் தெரிகிறது. மற்றது பச்சையும் ஊதாவுமாகக் குழம்பிவிடுகிறது. அதே காலத்து விண்டோஸ் 3.1-இல் நான் இந்தக் கூத்தைப் பார்த்ததில்லை. யூனிக்ஸில் சாளரங்களைத் திரையில் காட்டும் அமைப்பான எக்ஸ் விண்டோவில் நிறங்களைப் பகிரும் ஏற்பாடே தவறாக வடிவமைக்கப்பட்டது என்பது என் முடிவு. மறுப்பவர் உண்டா?

14 அக்டோபர், இரவு

மறுக்கிறேன். கோடைக்கானலில் இப்படிப்பட்ட திரைகளுக்கு முன்னால்தான் என் வேலைக்காலத்தின் நல்ல பகுதி கழிந்தது என்பதால், சற்று விரிவாகவே மறுக்கிறேன்.

முதலில் வன்பொருளைப் பார்க்க வேண்டும். 1024-க்கு 768 புள்ளிகள் கொண்ட திரையில், புள்ளிக்கு ஒரு பைட் வீதம் 7,86,432 பைட் நினைவகம் போதும். புள்ளிக்கு மூன்று பைட் என்றால் 23,59,296 பைட் தேவை. எக்ஸ் விண்டோவின் எக்ஸ்11 பதிப்பு வெளிவந்த 1987-இல் அந்த வேறுபாடு ஓர் இயந்திரத்தை வாங்கலாமா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்கும் அளவுக்குப் பெரியது. எனவே திரை நினைவகத்தில் நிறம் வைக்கப்படவில்லை. 0 முதல் 255 வரை ஓர் எண் மட்டும் வைக்கப்பட்டது. அந்த எண்ணுக்குரிய சிவப்பு, பச்சை, நீல அளவுகள் 256 கட்டங்கள் உள்ள ஒரு நிற அட்டவணையில் இருந்தன. பெரும்பாலான வன்பொருளில் ஒரு நேரத்தில் ஒரே ஓர் அட்டவணைதான் நடப்பில் இருக்க முடியும். திரையில் பத்துச் சாளரங்கள் இருந்தாலும் அந்த ஒன்றின் வழியாகத்தான் பத்தும் கண்ணுக்கு வந்தாக வேண்டும்.

இந்த அட்டவணையைப் பகிர எக்ஸ் இரண்டு வழிகளைத் தந்தது. 'எக்ஸ்அலாக்கலர்' என்று அழைத்தால், நீங்கள் கேட்ட நிறம் ஏற்கெனவே யாரோ ஒருவர் வாங்கிய கட்டத்தில் இருக்கும்பட்சத்தில் அதே கட்டத்தின் எண் உங்களுக்கும் கிடைக்கும்; அதை யாரும் மாற்ற முடியாது என்பதால் எத்தனை நிரல்கள் வேண்டுமானாலும் பகிரலாம். 'எக்ஸ்அலாக்கலர்செல்ஸ்' என்று அழைத்தால், கிடைக்கும் கட்டங்கள் உங்களுக்கு மட்டுமே சொந்தம். அவற்றின் நிறத்தை விருப்பம்போல் மாற்றலாம், அவை பிறருக்குப் பகிர்ந்து தரப்பட மாட்டா. இரண்டாவது வழி, வத்தலக்குண்டு பேருந்து நிலையத்தில் வண்டி நிற்பதற்கு முன்பே சன்னல் வழியாகத் துண்டு போட்டு மூன்று பேர் இருக்கையைப் பிடிப்பதற்கு ஒப்பானது. அவசியமுள்ளவர் போட்டால் நியாயம். எல்லோரும் போட்டால் வண்டி நகராது.

எல்லா நிரல்களும் பகிரும் இந்தப் பொது அட்டவணை நிரம்பிய பின் வரும் நிரல் தனக்கென ஓர் அட்டவணையை உருவாக்கிக்கொள்கிறது. சாளரங்களின் இடத்தையும் சட்டகத்தையும் கவனிக்கும் நிரலான சாளர மேலாளர் அந்தச் சாளரத்துக்கு முன்னுரிமை தரும்போது வன்பொருளில் அதன் அட்டவணை ஏறுகிறது, பழையது இறங்குகிறது. மற்றச் சாளரங்களில் உள்ள எண்கள் அப்படியேதான் இருக்கின்றன. அவற்றின் பொருள் மாறிவிடுகிறது. நீங்கள் பார்க்கும் பச்சையும் ஊதாவும் இதுதான்.

15 அக்டோபர்

ஒரு நுணுக்கத்தைச் சேர்க்கிறேன், ஏனெனில் இதைத் தவறாகப் புரிந்துகொண்டவர்கள் எழுதிய நிரல்களே பெரும்பான்மை. எக்ஸ்அலாக்கலர் 'கிட்டத்தட்ட ஒத்த நிறத்தை' தரும் என்று பலரும் நம்புகிறார்கள். அது தருவது அந்த வன்பொருளால் காட்ட முடிந்த மிக நெருங்கிய நிறத்தை. அட்டவணை நிரம்பியிருந்தால், அருகிலேயே மிக ஒத்த நிறம் வேறொரு கட்டத்தில் இருந்தாலும், அழைப்பு தோல்வியில்தான் முடியும்.

நெருங்கிய நிறத்தைத் தேடுவது நிரலின் பொறுப்பு. 256 கட்டங்களின் அளவுகளையும் சர்வரிடம் (திரையை ஆளும் எக்ஸ் நிரலிடம்) கேட்டு வாங்கி, தனக்கு வேண்டியதற்கு மிக அருகில் உள்ளதைக் கண்டுபிடித்து, துல்லியமாக அந்த அளவுகளைக் கொடுத்து மீண்டும் எக்ஸ்அலாக்கலரை அழைக்க வேண்டும். அந்தக் கட்டம் பகிரக்கூடியதாக இருந்தால் கிடைக்கும். யாரோ தனக்கென எடுத்துக்கொண்டதாக இருந்தால் கிடைக்காது, அடுத்ததை முயல வேண்டும். மறுபடி அழைப்பது வீண்வேலை என்று எண்ணி எண்ணை மட்டும் எடுத்துப் பயன்படுத்தக் கூடாது: அழைத்தால்தான் அந்தக் கட்டத்தைப் பயன்படுத்துவோர் பட்டியலில் நீங்கள் சேர்கிறீர்கள், முதலில் வாங்கியவர் வெளியேறினாலும் கட்டம் உங்களுக்காக நிலைத்திருக்கும்.

17 அக்டோபர்

அனுபவத்திலிருந்து சொல்கிறேன். கோடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1904 முதல் சூரியனைப் படமெடுத்து வருகிறார்கள் என்பது இந்த மலையில் பலருக்கும் தெரியும். நான் வேலை பார்த்தது அங்கே அல்ல, மாணவர்களுக்குப் படச்செயலாக்கம் கற்பித்த வேறொரு சிறிய கூடத்தில். ஆனால் பயிற்சிக்குச் சூரியப் படங்களையே எடுத்துக்கொள்வோம். அவை கருப்பு வெள்ளைப் படங்கள். ஒரு கரும்புள்ளியின் நடுப்பகுதிக்கும் அதைச் சூழ்ந்த மெல்லிய நிழல் வளையத்துக்கும் உள்ள வேறுபாடு, அந்த வளையத்தின் இழைகள், வட்டின் விளிம்பை நோக்கி ஒளி மங்கும் விதம் எல்லாமே சாம்பல் படிநிலைகளில்தான் இருக்கின்றன.

உலாவி ஒன்று கூடத்துக்கு வந்த பின் தொல்லை தொடங்கியது. சிவப்புக்கு 6, பச்சைக்கு 6, நீலத்துக்கு 6 என 216 நிறங்களை அது தொடங்கிய உடனே வாங்கிக்கொள்ளும். காலையில் முதலில் வரும் மாணவர் உலாவியைத் திறந்துவிட்டால், சூரியப் படத்தைக் காட்டும் நிரலுக்கு மிஞ்சுவது அதிகபட்சம் 40 கட்டங்கள்; கடிகாரமும் முனையச் சாளரமும் சாளர மேலாளரின் சட்டகமும் எடுத்தது போக அதிலும் குறைவு. 'நிற அட்டவணையில் இடமில்லை' என்ற செய்தி முனையத்தில் வரிசையாக ஓடும்.

சரி, அந்த 216-ஐயே பகிர்ந்துகொள்ளலாமே என்று நீங்கள் கேட்கலாம். மூன்று அளவுகளும் சமமாக இருக்கும் நிறங்கள்தாம் சாம்பல். 6-க்கு 6-க்கு 6 என்ற கனத்தில் (மூன்று நிறக்கூறுகளின் படிகளும் சேர்ந்த கனசதுரத்தில்) அப்படிப்பட்டவை கருப்பையும் வெள்ளையையும் சேர்த்து 6 மட்டுமே. ஆறு படிநிலைகளில் சூரியனைக் காட்டினால் வட்டின் மேல் பட்டை பட்டையாக வளையங்கள் தெரியும்; கரும்புள்ளியின் இழைகள் ஒரே அப்பலாகிவிடும். வலைப்பக்கப் படங்களுக்கு அந்தக் கனம் நல்ல ஏற்பாடு, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒருவருடைய நல்ல ஏற்பாடு இன்னொருவருடைய வேலைக்கு உதவாது என்பதைப் பகிர்வைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

18 அக்டோபர்

உதகையிலிருந்து ஒரு நண்பர் கேட்கிறார்: சாம்பல் நிறங்களையும் எக்ஸ்அலாக்கலர் வழியாகவே பகிரக்கூடியவையாக வாங்கலாமே, படம் காட்டும் நிரல்கள் ஏன் தனிக் கட்டங்களை வற்புறுத்தின?

நியாயமான கேள்வி. பதில் வேகத்தில் இருக்கிறது. கட்டங்கள் உங்களுக்குச் சொந்தமாக இருந்தால், படத்தின் வெளிச்சத்தையும் வேறுபாட்டையும் மாற்ற ஒரு புள்ளியைக் கூடத் தொட வேண்டாம். சுட்டியை இழுக்க இழுக்க, அட்டவணையில் 200 கட்டங்களின் அளவுகளைத் திருத்தினால் போதும். முழுத்திரைப் படமும் அந்தக் கணமே மாறும். பகிரக்கூடிய கட்டங்கள் என்றால் ஏழரை லட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகளைத் திரும்பக் கணக்கிட்டு, வலையமைப்பின் வழியே சர்வருக்கு அனுப்ப வேண்டும். முத்தோரை ரேடியோ தொலைநோக்கியின் தரவு போன்றவற்றைப் பார்ப்பவர்களுக்கு இது இன்னும் தெளிவாகப் புரியும்: கண்ணுக்கே தெரியாத அலைகளுக்கு நாம்தான் நிறம் கொடுக்கிறோம், எந்த நிறவரிசையில் எந்த அமைப்பு எழுந்து நிற்கும் என்பது மாற்றி மாற்றிப் பார்த்தால்தான் தெரியும்.

ஆகவே தனிக் கட்டங்களை எடுத்துக்கொள்வது எப்போதும் பேராசை என்று நான் சொல்ல வரவில்லை. முதல் நாள் எழுதியதை இந்த வரம்போடு படியுங்கள். ஒரு கடிகாரத்துக்கோ, பொத்தான்களுக்கோ, அசையாத பின்னணிப் படத்துக்கோ தனிக் கட்டங்களை எடுப்பதற்கு எந்த நியாயமும் இல்லை என்பதில் மட்டும் இன்றும் உறுதியாக இருக்கிறேன்.

22 அக்டோபர்

விண்டோஸ் 3.1 பற்றி. குன்னூர் நண்பரின் ஒப்பீட்டைப் பல நாள் யோசித்தேன். அதில் நான் முதலில் கொடுத்த இடத்தை விடக் கூடுதல் உண்மை இருக்கிறது.

விண்டோஸ் 256 கட்டங்களில் 20-ஐ நிலையான நிறங்களாகத் தனக்கென வைத்துக்கொண்டது. மீதி 236. சாளரச் சட்டகம், பட்டியல்கள், பொத்தான்கள், சாதாரண எழுத்து எல்லாம் அந்த 20-க்குள் அடங்கின. அட்டவணையைப் பற்றி எதுவும் அறியாத நிரலுக்கும் அந்த 20 மட்டுமே கிடைத்தது, வேறு நிறம் கேட்டால் அவற்றைப் புள்ளிகளாகக் கலந்து காட்டியது. எனவே அப்படிப்பட்ட நிரல்களின் தோற்றம் எது முன்னால் வந்தாலும் குலையவில்லை. நண்பர் கண்ட அமைதியின் பெரும்பகுதி இந்த 20 நிறங்களால் வந்தது.

மற்ற 236-க்கும் ஒரு நடுவர் இருந்தார். நிரல் தன் அட்டவணையை ஒரு விருப்பப் பட்டியலாகத்தான் கொடுக்கும். முன்னால் உள்ள சாளரத்தின் பட்டியலுக்கு முதல் உரிமை. அது பதிந்து முடித்ததும் மற்ற எல்லாச் சாளரங்களுக்கும் 'அட்டவணை மாறிவிட்டது' என்ற செய்தி போகும். அவை தங்கள் நிறங்களை மிஞ்சிய கட்டங்களில் பதிந்து, அதற்கும் இடமில்லை என்றால் இருப்பவற்றுள் நெருங்கியவற்றோடு பொருத்திக்கொண்டு, தங்களைத் திரும்ப வரைந்துகொள்ளும். அந்தச் செய்திக்குச் செவி சாய்க்காத நிரல் அங்கேயும் குழம்பித்தான் தெரிந்தது. ஆனால் நெருங்கிய நிறத்தைத் தேடும் உழைப்பு, நான் 15-ஆம் தேதி விவரித்த அந்த நீண்ட சுற்று, ஒவ்வொரு நிரலாளரின் தலையிலும் விழாமல் அமைப்பின் உள்ளேயே நடந்தது.

எக்ஸில் கருப்பு, வெள்ளை ஆகிய இரண்டுக்கு மட்டுமே பொது அட்டவணையில் நிலையான இடம் உறுதி. மற்றதெல்லாம் முதலில் வந்தவருக்கு. பொறிமுறையை மட்டும் தருவோம், கொள்கையை வகுக்க மாட்டோம் என்பது எக்ஸை உருவாக்கியவர்களின் தெளிவான நிலைப்பாடு. பல இடங்களில் அதுவே அதன் நீண்ட ஆயுளுக்குக் காரணம். நிற அட்டவணை என்ற இந்த ஓரிடத்தில், குறைந்தபட்ச நிறங்களை எல்லோருக்கும் பொதுவாக ஒதுக்கிவைக்கும் சிறிய கொள்கை ஒன்று இருந்திருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன். இருந்தாலும் ஏற்பாடே தவறு என்பதை ஏற்கவில்லை. 200 கட்டங்களைத் தனக்கென எடுத்து நிமிடத்துக்கு நூறு முறை மாற்றும் ஒரு நிரலுக்கு எக்ஸ் எந்தத் தடையும் வைக்கவில்லை. சூரியப் படங்களுக்கு அந்தச் சுதந்திரம் தேவைப்பட்டது.

23 அக்டோபர்

அந்த 20 நிறங்கள் ஏன் அட்டவணையின் தொடக்கத்தில் 10, இறுதியில் 10 என்று பிரிந்து நின்றன என்று ஒருவர் கேட்டிருக்கிறார். தேர்ந்தெடுத்த பகுதியைத் தலைகீழ் நிறத்தில் காட்டும்போது எண்ணின் எட்டு பிட்களையும் புரட்டுவார்கள். 0 என்பது 255 ஆகும், 1 என்பது 254 ஆகும். இரு முனைகளிலும் எதிரெதிர் நிறங்களை வைத்தால் புரட்டிய பிறகும் படிக்கக்கூடிய நிறமே கிடைக்கும்.

2 நவம்பர்

மழையால் மின்சாரம் வருவதும் போவதுமாக இருந்ததால் இடைவெளி விழுந்துவிட்டது. எங்கள் கூடத்தில் இறுதியில் எதைச் செய்தோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

வானியலாளர்கள் பயன்படுத்திய ஐராஃப் தொகுப்பின் படம் காட்டும் நிரலான எக்ஸிம்டூலில் இதற்கான நல்ல சிந்தனை இருந்தது. அது தன் படத்துக்கான நிறங்களை 64-ஆம் கட்டத்திலிருந்து தொடங்கும். அதற்குக் கீழே உள்ளவற்றில் பொது அட்டவணையின் நிறங்கள் இருக்க விட்டுவிடும். தவிர, அதன் தனி அட்டவணைக்கு ஒரு பெயர் உண்டு. அதே பெயரைக் குறிப்பிடும் துணை நிரல்கள், அந்தத் தொகுப்பின் வரைபட முனையம் உட்பட, ஒரே அட்டவணையைப் பகிர்ந்துகொள்ளும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சுட்டியை நகர்த்தினால் எதுவும் மின்னாது. இரண்டு நிரல்கள் முன்கூட்டியே உடன்பட்டு ஓர் அட்டவணையில் வாழ்வது என்பதற்கு நான் கண்ட மிகச் சிறந்த எடுத்துக்காட்டு இதுவே.

நாங்களே எழுதிய பயிற்சி நிரல்களிலும் அந்த முறையைப் பின்பற்றினோம். முதலில் பொது அட்டவணையில் முயல்வது. இடையில் இடம் தீர்ந்தால் 'எக்ஸ்காப்பிகலர்மேப்அண்ட்ஃப்ரீ' என்ற அழைப்பைப் பயன்படுத்துவது: நாம் இதுவரை வாங்கிய கட்டங்களை எண் மாறாமல் புதிய அட்டவணைக்குக் கொண்டுபோய், பழையதில் அந்த இடங்களை மற்றவர்களுக்கு விடுவித்துவிடும், ஆகவே ஏற்கெனவே வரைந்ததைத் திரும்ப வரைய வேண்டியதில்லை. இது நம் கட்டங்களை மட்டுமே எடுத்துச் செல்லும் என்பதைக் கவனிக்க வேண்டும். பிறருடைய நிறங்களையும் தனியே கேட்டு வாங்கி, புதிய அட்டவணையின் கீழ்ப்பகுதியில் நாமே எழுதிவைத்தால்தான், நம் சாளரம் முன்னால் இருக்கும்போதும் சட்டகமும் முனையமும் கடிகாரமும் தங்கள் நிறத்தில் இருக்கும்.

நாங்கள் பங்கிட்ட விதம்: கீழே 64 கட்டங்கள் பொதுவுக்கு, அடுத்த 128 சாம்பலுக்கு, மேலே உள்ள 64-இல் 4-க்கு 4-க்கு 4 என்ற சிறிய கனம். சூரியனுக்கு 128 சாம்பல் போதுமானதாக இருந்தது, வரைபடங்களுக்கு 64 நிறங்கள் தாராளம். பொது நிறங்கள் கீழிருந்து மேலாகத்தான் நிரம்பும் என்று எந்த ஆவணமும் உறுதி சொல்லவில்லை. எங்கள் சர்வர்கள் அப்படி நடந்துகொண்டன, அதை நம்பினோம்.

3 நவம்பர்

பழைய கணினியில் வீஜிஏ என்ற காட்சி அட்டையை வைத்து முயல்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மூல வீஜிஏ-வில் ஒவ்வொரு நிறக்கூறுக்கும் 6 பிட் மட்டுமே. 2,62,144 நிறங்களிலிருந்து 256-ஐத் தேர்ந்தெடுக்கலாம் என்பதன் பொருள் அதுதான். சாம்பலில் 64 படிநிலைகளுக்கு மேல் அங்கே இல்லவே இல்லை. பகிரக்கூடிய கட்டங்களாக 128 சாம்பல் கேட்டால், அடுத்தடுத்த இரண்டுக்கு ஒரே கட்டம் திரும்பி வரலாம். எக்ஸ்அலாக்கலர் தான் உண்மையில் கொடுத்த அளவுகளை, நிரல் தன் கோரிக்கையை எழுதிக் கொடுத்த அதே தரவுக் கட்டமைப்பில் எழுதித் திருப்பித் தருகிறது. அதைப் படித்துப் பார்க்கும் நிரலுக்கு எந்த வியப்பும் நேராது.

11 நவம்பர்

'எல்லோரும் ஏற்கும் ஒரு பொது அட்டவணையை எக்ஸ் ஏன் வரையறுக்கவில்லை?' என்பது கோத்தகிரியிலிருந்து வந்த கேள்வி. வரையறுத்தது. திரையின் மூலச் சாளரத்தில் (எல்லாச் சாளரங்களுக்கும் அடியில் திரை முழுவதும் விரிந்திருப்பது) எந்த நிரலும் படிக்கக்கூடிய ஒரு பண்பாக, எந்த அட்டவணை, முதல் கட்டம் எது, ஒவ்வொரு நிறக்கூறிலும் எத்தனை படிகள், ஒவ்வொன்றுக்கும் பெருக்கும் எண் எது என்று எழுதிவைக்கலாம். 6-க்கு 6-க்கு 6 கனம் என்றால் சிவப்பை 36-ஆலும் பச்சையை 6-ஆலும் நீலத்தை 1-ஆலும் பெருக்கி, முதல் கட்டத்தின் எண்ணோடு கூட்டினால் வேண்டிய கட்டம் கிடைத்துவிடும், தேடலே தேவையில்லை. முதல் கட்டம் 40 என்றால் வெள்ளை 255-இல் முடியும். அதை நிறுவுவதற்கென்றே ஒரு சிறு கருவியும் தொகுப்போடு வந்தது.

ஆனால் அதைப் பயன்படுத்துவது நிரலாளரின் விருப்பம். அந்தப் பண்பு இருக்கிறதா என்று பார்த்துப் பயன்படுத்திய நிரல்களை நான் மிகக் குறைவாகவே கண்டேன். தானே ஒரு கனத்தைக் கட்டிக்கொண்ட நிரல்களைத்தான் மிகுதியாகக் கண்டேன். இரண்டு நிரல்கள் ஒரே மாதிரிக் கனத்தைப் பொது அட்டவணையில் பகிரக்கூடிய கட்டங்களாகக் கேட்டால் சர்வர் ஒரே கட்டங்களை இருவருக்கும் கொடுத்துவிடும் என்பது உண்மை. ஒன்று 6-க்கு 6-க்கு 6 என்றும் மற்றொன்று 5-க்கு 5-க்கு 5 என்றும் கேட்டால் 216-உம் 125-உம் மூலைகளில் மட்டுமே சந்திக்கும், அட்டவணை நிரம்பிவிடும். கனத்தின் அளவில் உடன்பாடு இல்லாததே பெருங்கேடாக இருந்தது என்று இன்று எனக்குத் தோன்றுகிறது; தனிக் கட்டங்களை விடவும் கூட.

26 நவம்பர்

குன்னூர் நண்பர் தம் இயந்திரத்தில் சோதித்து எழுதியிருக்கிறார். சாளர மேலாளரில் அட்டவணைக்கான முன்னுரிமையைச் சுட்டியிலிருந்து விசைப்பலகைக்கு மாற்றிய பின், சுட்டி நகரும்போதெல்லாம் திரை மின்னுவது நின்றுவிட்டதாம். மகிழ்ச்சி. ஆனால் படம் காட்டும் நிரலில் சட்டகம் சரியாக இருக்க, நடுவில் உள்ள படம் மட்டும் எப்போதும் குழம்பியே தெரிகிறது என்கிறார்.

இது வேறு நோய். படம் வரையும் உட்சாளரத்துக்கு மட்டும் தனி அட்டவணை கொடுக்கப்பட்டிருக்கிறது. மேலாளர் பார்ப்பது வெளிச்சாளரத்தை. உட்சாளரங்களைப் பற்றி மேலாளருக்குத் தெரிவிக்க 'டபிள்யூஎம்_கலர்மேப்_விண்டோஸ்' என்ற பண்பை வெளிச்சாளரத்தில் எழுத வேண்டும். அதில் சாளரங்களை முன்னுரிமை வரிசையில் அடுக்க வேண்டும். வெளிச்சாளரத்தின் பெயர் பட்டியலில் இல்லையென்றால் அதுவே முதலில் இருப்பதாகக் கொள்ளப்படும், அப்போது உங்கள் படத்துக்கு இரண்டாம் இடம்தான், ஒரே அட்டவணை ஏறக்கூடிய வன்பொருளில் இரண்டாம் இடத்தால் பயனில்லை. எனவே படத்தின் உட்சாளரத்தை முதலிலும் வெளிச்சாளரத்தை அடுத்தும் எழுதுங்கள். நிரலே நேரடியாக அட்டவணையை ஏற்றிக்கொள்ளும் அழைப்பும் உண்டு, அதைத் தவிர்த்துவிடுங்கள். நிரல்களுக்கிடையிலான மரபு அந்த உரிமையை மேலாளருக்குக் கொடுத்திருக்கிறது.

மூலநிரல் கையில் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். வெளிச்சாளரத்தைத் திரையில் விரிக்கும் அழைப்புக்கு முன்பாக அந்தப் பண்பை எழுதுங்கள். பழைய இயந்திரத்தை ஒவ்வொரு முறையும் இயக்க வேண்டாம் என்றால், இன்றைய கணினியிலேயே, மெய்நிகர் திரையைத் தரும் எக்ஸ்விஎன்சி சர்வரை (இதை ஏற்கும் பதிப்பு கிடைத்தால்) 8 பிட் ஆழத்தில், மாற்றத்தக்க அட்டவணை உள்ள காட்சி வகையைக் கேட்டு ஓட்டலாம். இயல்பாக விட்டால் அது 8 பிட்டிலும் மாறாத நிறங்களையே தரும் என்பதால் அந்தத் தேர்வு கட்டாயம். மாற்றிய நிரலை அதில் முதலில் ஓட்டிப் பார்த்துவிட்டு, பிறகு பணிநிலையத்தில் ஏற்றுங்கள்.